அசானோ நென்ஷியின் 'சூப்பர் ஜீரோ' நூல்: பிவிஏ கரைந்த பிறகும் டவல் பஞ்சு உதிர்க்காதது எப்படி?

தறிமேடை (கேள்வி)

வணக்கம். ஜப்பானில் கிஃபு மாகாணத்தில் அன்பாச்சி என்ற சிறிய ஊரில் அசானோ நென்ஷி என்று ஒரு குடும்ப நிறுவனம் இருக்கிறது. நூலுக்கு முறுக்கு ஏற்றிக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். 2007இல் 'ஏர் காவோரு' என்ற டவலைச் சந்தைக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கினார்கள். அதற்கான நூலின் பெயர்தான் 'சூப்பர் ஜீரோ'. நீரில் கரையும் பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) நூலைப் பருத்தி நூலோடு சேர்த்து முறுக்கி, நெய்த பிறகு வெந்நீரில் பிவிஏவைக் கரைத்துவிடுகிறார்கள் என்பது வரை புரிகிறது.

நம் பக்கம் கரூரிலும் பிவிஏ போட்டு ஜீரோ ட்விஸ்ட் (முறுக்கே இல்லாத நூல்) டவல் பல வருடமாக ஓடுகிறது. கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் நாலு சலவையில் பஞ்சு கொட்டும், லூப் உருவி வரும். அசானோ டவல் அப்படி உதிர்வதில்லை என்கிறார்கள். வித்தியாசம் எங்கே? பஞ்சு ரகமா, முறுக்கா, கரைக்கும் முறையா? 20ஆம் நம்பர் பைல் நூலை (டவலின் லூப் ஆகும் நூல்; நம்பர் கூடினால் நூல் மெலியும்) வைத்துக் கணக்கோடு யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். ஒரு முறுக்குப் பட்டறை எப்படி டவல் பிராண்டாக மாறியது என்பதும் தெரிந்தால் சொல்லுங்கள்.

---

எஸ்இசட்முறுக்கு

முக்கிய வித்தியாசம் முறுக்கில். பெயரில் 'ஜீரோ' இருப்பதால் முறுக்கே இல்லாத நூல் என்று நினைத்துவிடுகிறோம். முறுக்கே இல்லாத நூலை ஜப்பானியர்கள் தனி ரகமாகவே வைத்திருக்கிறார்கள். அது உதிரும் என்பது அங்கேயும் பழைய புகார்தான். அசானோ செய்தது, முறுக்கில் ஒரு பங்கைக் கழித்து மீதியை நூலிலேயே விட்டுவைப்பது. அதோடு பிவிஏ இருந்த இடம் காலியாகி நூல் பொங்குகிறது. அவர்களுடைய துல்லிய அளவுகள் தொழில் ரகசியம். கீழே இருப்பது எந்தப் பட்டறையும் போட்டுப் பார்க்கக்கூடிய பொதுக் கணக்கு.

20ஆம் நம்பர் சிங்கிள் (ஒற்றை) நூல், இசட் முறுக்கு (இசட், எஸ் என்பவை முறுக்கின் இரண்டு எதிரெதிர்த் திசைகள்). ட்விஸ்ட் மல்டிப்ளையர் (நூல் நம்பரின் வர்க்கமூலத்தோடு பெருக்கி முறுக்கைக் கணக்கிடும் எண்) 4 என்றால் 20இன் வர்க்கமூலம் 4.47, ஆக இன்ச்சுக்கு ஏறத்தாழ 18 முறுக்கு. இதோடு 80ஆம் நம்பர் பிவிஏ நூல் ஒன்றைச் சேர்த்து எதிர்த்திசையில், அதாவது எஸ் திசையில், டபுளிங் (இரண்டு நூலை ஒன்றாக முறுக்குவது) செய்கிறோம். எஸ் முறுக்கு ஏற ஏறப் பருத்தியின் இசட் முறுக்கு அவிழும்.

எஸ் 18 கொடுத்தால் பருத்தியில் மிச்சம் ஒன்றுமில்லை. பிவிஏ கரைந்ததும் இழைகள் வெறும் கற்றையாகக் கிடக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது ஊடை அழுத்தம் மட்டுமே. லூப்பின் நடுவில் அந்தப் பிடியும் இல்லை. உங்கள் பஞ்சு உதிர்வு இங்கேதான் தொடங்குகிறது.

எஸ் 9 கொடுத்தால் பருத்தியில் இசட் 9 மிச்சம். 9ஐ 4.47ஆல் வகுத்தால் மல்டிப்ளையர் 2. இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள இது போதும், பொங்கவும் இடம் இருக்கும். எஸ் 12 என்றால் மிச்சம் 6, மல்டிப்ளையர் 1.3 சொச்சம். கைக்கு இன்னும் மெத்தென்று இருக்கும், ஆனால் இழை நீளம் நன்றாக இருந்தால் மட்டும் தாங்கும். பைலுக்கு 2ஐ ஒட்டி ஆரம்பித்து, சலவைச் சோதனையைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நல்லது.

நூல் பொங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டபுளிங்கில் பருத்தியும் பிவிஏவும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. பிவிஏ போனதும் அது இருந்த இடம் வெற்றிடமாகிறது, பருத்தி மட்டும் சுருள் வடிவத்தில் நிற்கிறது. நெருக்கப்பட்டிருந்த இழைகள் அந்த இடத்துக்குள் விரிகின்றன. தண்ணீரை உறிஞ்சுவது இந்த இடைவெளிதான். பிவிஏ தடிமன் குறைந்தால் வெற்றிடமும் குறையும். அதனால் செலவை மிச்சம் பிடிக்க மிக மெல்லிய பிவிஏ போட்டால் டவல் சாதாரண குறைமுறுக்கு டவலாகத்தான் வரும்.

செலவுக் கணக்கு: 20உடன் 80 சேர்த்தால் டபுள் நூல் 16ஆம் நம்பர். எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம், பிவிஏ. 40 டெனியர் (எடையை வைத்து நூலின் பருமனைச் சொல்லும் அளவு) ஃபிலமென்ட் (தொடர் இழை) பிவிஏ என்றால் அது ஏறத்தாழ 133ஆம் நம்பருக்குச் சமம், பங்கு 13 சதவீதமாக இறங்கும்.

மெஷினில் கவனிக்க வேண்டியது: அசெம்பிளி வைண்டிங்கில் (முறுக்குவதற்கு முன் இரண்டு நூலைச் சேர்த்துச் சுற்றும்போது) இரண்டு இழைக்கும் டென்ஷன் சமமாக இருக்க வேண்டும். பிவிஏ தளர்ந்தால் பருத்தி நேராக நின்று பிவிஏ அதன் மேல் கொடிபோல் சுற்றும், கரைந்த பிறகு சுருள் கிடைக்காது. டிஎஃப்ஓவில் (ஒரு சுற்றுக்கு இரண்டு முறுக்கு போடும் மெஷின்) ஸ்பிண்டில் 9,000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 18,000 முறுக்கு விழும். இன்ச்சுக்கு 9 என்பது மீட்டருக்கு 354, ஆக டெலிவரி நிமிடத்துக்கு 50 மீட்டர் சொச்சம். ஒரு பக்கத்து பெல்ட் திசை தவறிப்போய் இசட் மேல் இசட் ஏறிவிட்டால் பருத்தியில் 27 முறுக்கு சேரும். கோனில் பார்த்தால் எதுவும் தெரியாது. கரைத்த பிறகு லூப் எல்லாம் முறுக்கிக்கொண்டு மணல் மாதிரி நறநறவென்று வரும், அந்தப் பக்கத்தில் ஓடிய சரக்கு முழுவதும் போச்சு. கோனை இறக்கியதும் ஒரு இன்ச் நூலை எதிர்த்திசையில் அவிழ்த்துப் பார்த்துவிட்டால் தப்பிக்கலாம்.

---

பஞ்சுக்கடை

மேலே சொன்னதோடு பஞ்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்ச மல்டிப்ளையர் 2 தாங்க வேண்டுமென்றால் குட்டை இழை இருக்கவே கூடாது. கார்டட் நூலில் (குட்டை இழையைச் சீவி நீக்காதது) இதைச் செய்யாதீர்கள். கோம்டு நூல் (குட்டை இழையைச் சீவி நீக்கியது) வேண்டும், கழிவு 16 முதல் 18 சதவீதம் வரை எடுத்தது. இழை நீளம் குறைந்தது 30 மி.மீ. நம் ஊரில் டிசிஎச்-32 என்ற நீள இழைப் பருத்தி கலந்தால் சுலபமாக வரும். சங்கர்-6 பருத்தி மட்டும் வைத்து ஓட்டினால் எஸ் முறுக்கை 7, 8 என்று குறைத்து, மிச்சத்தைக் கூட்டி வையுங்கள்.

ரோட்டார் (ஓப்பன் எண்ட் முறையில் நூற்ற) நூல் இதற்குச் சரிப்படாது. அதன் மேல் சுற்றியிருக்கும் இழைகள் எதிர்முறுக்கில் அவிழாமல் உள்ளே இருப்பதை மட்டும் தளர்த்திவிடும். நூல் சீராகப் பொங்காது.

---

தறிமேடை

ரொம்ப நன்றிங்க. 18, 9 கணக்கு இப்போதுதான் புரிந்தது. நாங்கள் எஸ் 17, 18 என்று முழுதாக அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம். கரைக்கும் இடத்திலும் பிரச்சினை இருக்கிறது. சில லாட்டில் டவல் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைக்கிறது, சாயம் திட்டுத்திட்டாக ஏறுகிறது. சாயப்பட்டறையில் கேட்டால் நூல் சரியில்லை என்கிறார்கள்.

---

சாயச்சாலை

விறைப்பு, சாயத்திட்டு இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். கரைந்த பிவிஏ வெளியே போகாமல் திரும்பத் துணியிலேயே படிந்திருக்கிறது. நூலைக் குறை சொல்வதற்கு முன் மூன்று இடத்தைப் பாருங்கள்.

முதலில், எந்த பிவிஏ வாங்கியிருக்கிறீர்கள்? 20, 40, 60, 80, 90 டிகிரியில் கரைபவை என்று தனித்தனி கிரேடுகள் உண்டு. பைல் நூலுக்கு 80 அல்லது 90 டிகிரி கிரேடுதான் பாதுகாப்பு. குறைந்த டிகிரி கிரேடு மழைக்காலத்தில் தறிக்கூடத்திலேயே பிசுபிசுக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள். முறுக்கை நிலைப்படுத்த நூலை ஸ்டீம் வைப்பவர்கள் 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பைல் பாவை (லூப்புக்கான நீளவாக்கு நூலை) சைசிங்கில் (பசை ஏற்றும் இடத்தில்) விடவே வேண்டாம், டபுள் நூலுக்கு அது தேவையும் இல்லை. தரைப் பாவுக்கு (அடித்துணியின் நீளவாக்கு நூலுக்கு) மட்டும் சைசிங் போதும்.

அடுத்தது கரைக்கும் முறை. பிவிஏ கரைவதற்கு முன் கடுமையாகச் சுருங்கும். துணியை இழுத்துப் பிடித்திருந்தால் அந்தச் சுருக்கம் தடைப்பட்டு, கரையும் வெப்பநிலை மேலே போய்விடும். 90 டிகிரி கிரேடு 95இலும் கரையாமல் நிற்பது இதனால்தான். ஜெட்டில் வேகமாக இழுத்து ஓட்டாமல் வின்ச்சிலோ இழுப்பு குறைந்த சாஃப்ட்ஃப்ளோ மெஷினிலோ போடுங்கள். ஒரு கிலோ துணிக்கு 15 முதல் 20 லிட்டர் தண்ணீர். 95 டிகிரியில் 30 நிமிடம். வெப்பத்தை மெதுவாக ஏற்றினால் சுருங்கும் கட்டத்தில் பிவிஏ நீண்ட நேரம் நின்று, லூப்பைச் சுருட்டிக் கோழிக்குஞ்சு முடி மாதிரி ஆக்கிவிடும். அந்தக் கட்டத்தை வேகமாகக் கடந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம்: சூட்டோடு வடிக்க வேண்டும். நிறைய பேர் மெஷினின் பாதுகாப்புக்காக 70க்கு ஆற்றி வடிக்கிறார்கள். அந்த இறக்கத்தில்தான் பிவிஏ கெட்டியாகித் துணியில் ஒட்டுகிறது. 90இல் வடிக்கும் வசதி இல்லையென்றால் நிரம்பி வழியவிட்டு வெந்நீர் உள்ளே விடுங்கள். அதன் பிறகு 85 டிகிரியில் இன்னொரு கழுவல், அதையும் சூட்டோடு வடிக்கவும்.

மூன்றாவது, மருந்து வரிசை. காஸ்டிக்கும் சோடியம் சல்ஃபேட்டும் பிவிஏவைக் கரைசலிலிருந்து பிரித்துக் கட்டியாக்கும். நேரம் மிச்சம் என்று கரைப்பதையும் ஸ்கவரிங்கையும் (காஸ்டிக் போட்டு அழுக்கு, மெழுகு நீக்குவது) ஒரே பாத்தில் (ஒரே தொட்டித் தண்ணீரில்) முடித்தால் இதுதான் நடக்கும். மிச்ச பிவிஏ சாயப் பாத்தில் உப்பைப் பார்த்ததும் திட்டாகப் படிந்து சாயத்தைத் தடுக்கும். வெறும் தண்ணீரும் நுரை வராத வெட்டிங் ஏஜென்ட்டும் போட்டுக் கரைத்து முடித்துவிட்டு, பிறகுதான் ஸ்கவரிங், பிளீச்சிங்.

முடிந்ததா என்று பார்க்க அயோடின் சோதனை இருக்கிறது. அயோடின், பொட்டாசியம் அயோடைடு கரைசலோடு போரிக் அமிலம் சேர்த்து ஒரு சொட்டு விடுங்கள். பிவிஏ இருந்தால் நீலம் அல்லது நீலப்பச்சை காட்டும். ஆனால் தரைப் பாவு சைசிங்கில் ஸ்டார்ச் இருந்தால் அதுவும் நீலம்தான் காட்டும், குழம்பிவிடுவீர்கள். என்சைம் போட்டு டிசைசிங் (பசை நீக்குவது) முடித்த துணியில், லூப்பை மட்டும் வெட்டி எடுத்துச் சோதித்தால் சந்தேகம் வராது.

ஒன்று மறந்துவிட்டேன். கலர் டிசைன் டவல் வேண்டுமென்றால் டபுளிங் ஆன நூலைச் சாயம் போட முடியாது, பிவிஏ அங்கேயே கரைந்துவிடும். பருத்தி நூலை மட்டும் உருளையில் சுற்றியபடியே (சீஸ் சாயம்) சாயம் போட்டு, பிறகு பிவிஏவோடு சேர்த்து முறுக்க வேண்டும். அந்தச் சாயம் 95 டிகிரிக் கரைப்பில் வெளுக்காத ரகமாக இருக்கட்டும்.

---

எஸ்இசட்முறுக்கு

சாயச்சாலை சொன்னதற்குத் தறிப்பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. ஒரே பீமில் (பாவு நூல் சுற்றிய உருளையில்) இரண்டு லாட் நூலைக் கலக்காதீர்கள். டபுளிங் முறுக்கில் லாட்டுக்கு லாட் 1 முறுக்கு மாறினாலே கரைத்த பிறகு ஒரு பகுதி அதிகமாகவும் ஒரு பகுதி குறைவாகவும் பொங்கி, நீளவாக்கில் கோடு விழும். கிரே துணியில் (தறியிலிருந்து வந்தபடியே உள்ள துணியில்) தெரியவே தெரியாது, வெள்ளை டவலில் சாய்த்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

எடைக் கணக்கையும் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். முடிந்த டவல் 400 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்குக் கிராம்), அதில் பைல் 60 சதவீதம் என்றால் பைல் பருத்தி 240. 20க்கு 80 சேர்க்கையில் பருத்திக்கும் பிவிஏவுக்கும் விகிதம் 4க்கு 1, ஆக பிவிஏ 60. தறியில் 460 வர வேண்டும். சைசிங் பசையும் பிளீச்சிங்கில் போகும் 5, 6 சதவீதமும் இதற்கு மேல்.

லூப் உருவி வருவதற்கு முறுக்கு மட்டும் காரணமில்லை. பொங்கிய நூல் வழுக்கும். சாதாரண டெர்ரிக்கு (லூப் டவல் துணிக்கு) போடும் பிக் (ஊடை இழை) எண்ணிக்கையோடு இன்ச்சுக்கு 2, 3 கூட்டுங்கள். லூப் உயரத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் நூல் பொங்குவது ஈடுகட்டிவிடும்.

---

நூலும்_சந்தையும்

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு யாரும் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். அசானோவின் புதுமையில் எனக்கு மிகவும் மதிப்பு உள்ள பகுதியே அதுதான்.

அவர்கள் கூலிக்கு முறுக்கும் பட்டறை. இழுபடும் கலப்பு நூல்களில் நல்ல தொழில் ஓடியது. 2000க்குப் பிறகு சீனாவிலிருந்து மலிவு நூல் வந்ததும் ஆர்டர் சரிந்தது. டவலில் இறங்கியபோது நடத்தியவர் இரண்டாம் தலைமுறை. நீரில் கரையும் நூல் குராரே என்ற பெரிய ரசாயனக் கம்பெனியிடமிருந்து வந்தது. அதைத் துணியில் எங்கே பயன்படுத்துவது என்பதைத் தேடியதுதான் அசானோவின் பங்கு. பிவிஏவை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பிவிஏ இழையே ஜப்பானில் 1939இல் உருவானது, 1950இல் குராரேதான் அதை வினைலான் என்று வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது.

புது நூலை வைத்துக்கொண்டு நூலாகவே விற்பது கஷ்டம். விலை கூடுதல், நெசவாளருக்குக் கரைக்கும் வேலை வேறு சேர்கிறது, லாபம் யாருக்கு என்று தெரியாது. அதனால் அவர்கள் மியெ மாகாணத்தின் ட்ஸு நகரில் 1908இல் தொடங்கிய ஒபோரோ டவல் என்ற நெசவாலையோடு சேர்ந்து முடிந்த டவலாகவே செய்தார்கள். முறுக்கு இவர்களுடையது, நெசவும் கரைப்பும் அவர்களுடையது. முறுக்குக்காரர் 9 வேண்டுமா 10 வேண்டுமா என்று முடிவு செய்ய, கரைத்து உலர்த்திய டவல் அவர் கைக்குத் திரும்ப வர வேண்டும். கூலிக்கு முறுக்கி அனுப்பிவிட்டால் அது வராது. தறிமேடை சார், உங்கள் சாயப்பட்டறை நூலைக் குறை சொல்கிறது, நூல்காரர் பட்டறையைக் குறை சொல்வார். அசானோவும் ஒபோரோவும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் அந்த இழுபறிக்கு இடமில்லாமல் போனது.

அளவிலும் துணிந்தார்கள். 'எனிடைம்' என்ற அவர்களுடைய பெயர்பெற்ற டவல், குளியல் டவலின் நீளம் ஏறத்தாழ 120 செ.மீ. அப்படியே இருக்க, அகலம் பாதி. நூல் கூடுதலாக உறிஞ்சுவதால் பாதி அகலமே உடம்பு துடைக்கப் போதும், தலையிலும் சுற்றிக்கொள்ளலாம். ஜப்பானிய வீடுகளில் துணி உலர்த்தும் இடம் குறைவு, சீக்கிரம் காய்வதும் விற்க உதவியது. நூல் விலை கூடியதை இந்த அளவுக் குறைப்பு ஈடுகட்டுகிறது. விலையுயர்ந்த நூலைப் பழைய அளவிலேயே நெய்து அதிக விலைக்கு விற்கப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2023 ஏப்ரலில் ஃபுகுஷிமா மாகாணத்தின் ஃபுதாபா ஊரில் 'சூப்பர் ஜீரோ மில்' திறந்தார்கள். 2011 அணு உலை விபத்தால் முழு ஊரும் காலியான இடம் அது. மக்கள் திரும்பிக் குடியேற அனுமதி கிடைத்ததே 2022 ஆகஸ்ட் இறுதியில்தான். ஆட்கள் கிடைப்பதே அரிதான இடத்தில் நூல் ஆலை வைப்பது சாதாரண முடிவு இல்லை.

இதேபோல கியோட்டோவின் ஹொசோ குடும்பம். 1688 முதல் நிஷிஜின் என்ற கியோட்டோ பட்டு நெசவு. கிமோனோ இடுப்புப் பட்டைக்கான தறியின் அகலம் 32 செ.மீ. அளவுதான். 2010 வாக்கில் 150 செ.மீ. தறியை உருவாக்கிய பிறகுதான் சுவருக்கும் நாற்காலிக்கும் அவர்கள் துணி போக முடிந்தது. நெசவு நுட்பம் பழையதுதான். எந்த வாங்குபவருக்கு எந்த அளவில் என்பது மாறியது.

---

தறிமேடை

ஒபோரோ விவரம் எனக்குத் தெரியாது, நன்றிங்க. எஸ் 9, 10, 11 என்று மூன்று சாம்பிள் போடச் சொல்லியிருக்கிறேன். எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது? கழிவுநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பட்டறைக்காரர் அதைச் சொல்லித்தான் தயங்குகிறார்.

---

சாயச்சாலை

உறிஞ்சுதலுக்கு ஜப்பானின் இமாபாரி டவல் சங்கத்தின் சோதனை எளிது. 1 செ.மீ. சதுரத் துண்டை வெட்டித் தண்ணீர் மேல் விடுங்கள், 5 விநாடிக்குள் மூழ்க ஆரம்பிக்க வேண்டும். மூன்று சலவை முடிந்த துணியில் செய்யுங்கள். புதுத் துணியில் சாஃப்ட்னர் விளையாடும். அமினோ சிலிக்கான் சாஃப்ட்னரை இந்த டவலுக்குத் தொடவே வேண்டாம், நூலில் உண்டாக்கிய இடைவெளியை எண்ணெய் பூசி அடைப்பதற்குச் சமம். தேவைப்பட்டால் நீர் ஏற்கும் ரகம், அதுவும் குறைந்த அளவு.

பஞ்சு உதிர்வுக்கு: மூன்று சாம்பிளையும் தனித்தனியாக, ஒரே எடையில், ஐந்து முறை துவைத்து டம்ப்ளரில் காயப்போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபில்டரில் சேரும் பஞ்சை எடை போடுங்கள். முதல் சலவையில் எல்லாமே உதிரும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை எடை குறைந்துகொண்டே போனால் அந்த முறுக்கு நிற்கும். அப்படியே நீடித்தால் இழை நழுவிக்கொண்டே இருக்கிறது என்று பொருள், எஸ் முறுக்கில் 1 அல்லது 2 குறைக்க வேண்டும்.

கழிவுநீரில் பட்டறைக்காரர் பயப்படுவது நியாயமானதுதான். 1 கிலோ பிவிஏ ஏறத்தாழ 1.8 கிலோ சிஓடி (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) கொடுக்கும். எஸ்இசட்முறுக்கு மேலே போட்ட கணக்கில் 1 டன் முடிந்த டவலுக்குப் பைல் பருத்தி 600 கிலோ, பிவிஏ 150 கிலோ, சிஓடி 270 கிலோ. சாதாரண சேற்றுத் தொட்டிக் கிருமிகள் பிவிஏவை உடனே தின்னாது, பழக வேண்டும், தங்கும் நேரமும் கூட வேண்டும். ஆர்ஓ (சவ்வு வழியாகத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி) வைத்திருக்கும் பட்டறையில் இது நேராக மெம்ப்ரேனுக்குப் போனால் அடைத்துவிடும்.

அதனால் கரைப்புத் தண்ணீரை மற்ற சாயத் தண்ணீரோடு கலக்காமல் முதல் வடிப்பைத் தனித் தொட்டிக்கு எடுங்கள். பிவிஏவில் பெரும்பங்கு அந்த ஒரு வடிப்பில் இருக்கும். ஆறியதும் சோடியம் சல்ஃபேட்டும் போராக்ஸும் சேர்த்தால் கட்டியாகப் பிரியும், அள்ளி எடுத்துவிடலாம். மீதித் தண்ணீரில் போரான், உப்பு இருக்கும் என்பதால் அதைப் பழையபடி பாத்துக்கு விடாதீர்கள், ஆவியாக்கும் பகுதிக்கு அனுப்ப வேண்டும். செலவைக் குறைக்க இன்னொரு வழி, மேலே சொன்ன 40 டெனியர் ஃபிலமென்ட்: 20 சதவீதம் 13 ஆகும், 150 கிலோ பிவிஏ 90 கிலோவாக இறங்கும். நூல் பொங்குவது கொஞ்சம் குறையும். மூன்று சாம்பிளோடு இதையும் நாலாவதாகப் போட்டுப் பாருங்கள்.